பின்சுவரின் மூன்று ஓட்டைகள்

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து சாரல். சமையலறையில் மறுபடியும் தண்ணீர். நாலு வாளி வாரிக் கொட்டிவிட்டு வேலைக்கு. பள்ளி ஆபீசில் நாள் முழுக்க ஈர சாக்ஸ். யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கார டீச்சரின் வீடு என் வீட்டுக்கு மேலே, மேட்டில்; படியேறிப் போக வேண்டும். ரிட்டயர்ட் ஆகித் தனியாக இருக்கிறார். வாசலில் நின்று மூன்று முறை தொண்டையைச் செருமினேன்.

"டீச்சர், இன்னும் தண்ணி வருதுங்க."

"கொத்தனார்கிட்ட சொல்லியிருக்கேன் கண்ணு. மழை விடட்டும்ங்கறாரு."

போன மாதமும் இதே பதில்.

வாங்க: சோப்பு, மெழுகுவர்த்தி, ரப்பர் செருப்பு.

ஜூலை 10, வியாழன்

லீவு போட்டுவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டடிச் சந்து. அதை ஒட்டி, மேட்டை வெட்டிக் கட்டிய சுவர். சுவருக்கு மேலே டீச்சரின் கொல்லை. சுவரின் அடியில் மூன்று ஓட்டைகள், மூன்றிலும் குழாய் திறந்த மாதிரி. சந்து நிரம்பி, கதவுக்கு அடியில் உள்ளே.

பழைய கம்பளியைக் கிழித்து, சாக்கு சுற்றி, மூன்றிலும் அடித்து இறுக்கினேன். நின்றுவிட்டது! தனியாகச் சிரித்தேன்.

நான் வளர்ந்த தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இப்படித்தான். ரிப்பேருக்கு எழுதிக் கொடுத்தால் ஆளே வராது. அப்பா தானே அடைப்பார், ஆபீசில் மூச்சு விடமாட்டார். தெரிந்தால் "யாரைக் கேட்டு கை வெச்சே" என்பார்கள். நானும் டீச்சரிடம் சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தரை காய்ந்திருக்கிறது. மழை மட்டும் விடவில்லை.

மதியம் பள்ளி ஆயா செல்வி அக்கா குன்னூரில் அவள் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "செவத்துல ஓட்டை எதுக்கு உட்டிருக்கு? தண்ணி போறதுக்குத்தான். தங்கச்சி புருஷன் பெரிய இன்ஜினீயராட்டம் சிமெண்ட் பூசிட்டான். பத்தே நாளுல செவுரு அடுப்புக்குப் பக்கத்துல வந்து படுத்துக்கிச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கென்ன புள்ள மூஞ்சி வெளுத்துப்போச்சு? டீயக் குடி."

வந்ததும் பார்த்தேன். சுவர் நடுவில் வயிறு மாதிரி புடைத்திருக்கிறது. முன்பே இருந்ததா? தெரியவில்லை. கம்பளியை இழுத்தேன். ஊறி இறுகிவிட்டது, வரவில்லை. ஓரமாகச் செம்மண் கலங்கல் கசிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

படியேறினேன். பாதியில் இறங்கிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்த டீச்சர் நின்று கேட்டார். "தண்ணி நின்னுருச்சா கண்ணு?"

"நின்னுருச்சுங்க."

"பாத்தியா? நான் ஜெபம் பண்ணேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் வெயில் வந்ததும் கொல்லை ஓரத்தில் முக்காலி போட்டுப் பூண்டு உரித்தார். சுவர் போனால் என் சமையலறை மட்டுமா? அவரும் முக்காலியோடு வருவார். ஜன்னல் வழியே அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம். அவர் எழுந்து போன பிறகுதான் சாப்பிட்டேன்.

சர்டிபிகேட் ஃபைலைப் பையில் வைத்தாயிற்று. படுக்கை முன்னறையில். டிகிரி வாங்கியவள், ஒரு வாக்கியம் சொல்ல மூன்று நாள்.

ஜூலை 14, திங்கள்

சமையலறைப் பின்கதவு திறக்கவில்லை. வெளியிலிருந்து ஏதோ அழுத்துகிறது.

காலை ஏழு மணிக்கு, தலைகூட வாராமல் மேலே போனேன். "டீச்சர், ஓட்டைய நான்தான் அடைச்சேன். செவுரு தள்ளிட்டு வருது. கொல்லைக்குப் போகாதீங்க." ஒரே மூச்சில். அழுதேனா, ஞாபகமில்லை.

டீச்சர் திட்டவில்லை. உட்கார்ந்துவிட்டார். பிறகு போனை எடுத்தார். அரை மணியில் கொத்தனார்.

"ஏனுங்க டீச்சர், இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலீங்களே? நான் கீழ் ரோட்டுலதான வேலை செய்யறேன்?"

நான் டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை.

கொத்தனார் பக்கவாட்டில் சந்துக்குள் போய், கம்பியை வளைத்துக் கம்பளியை இழுத்தார். முதல் ஓட்டை, சிவப்புத் தண்ணீர். இரண்டாவது, கொழகொழவென்று சேறு. மூன்றாவதில் ஒன்றுமே வரவில்லை. அவர் காதை வைத்துக் கேட்டார். மெதுவாகப் பின்னால் நகர்ந்து வந்தார்.

"அம்மிணி, நீங்க அடைச்சது நாலு நாளு. இது அதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள கரைஞ்சிருக்குது. ரெண்டு ஊட்டையும் இப்பவே காலி பண்ணுங்க. பாத்திரம் பண்டமெல்லாம் அப்புறம்."

ஜூலை 15, செவ்வாய்

சர்ச் ஹால். இரண்டு பாய், ஒரு ஃபிளாஸ்க். வெளியே அடைமழை.

மதியம் டீச்சர் ஹால் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொல்லையில வெடிப்பு போன மாசமே பாத்தேன். மேல பலகையப் போட்டு மூடி வெச்சேன். கொத்தனார் வந்தா காலி பண்ணச் சொல்லுவாரு. நீ போயிருவே. அப்புறம் அங்க கீழ லைட்டு எரியாது."

அந்தச் சுவருக்கு அடியில்தான் ஒரு மாதமாகச் சமைத்தேன். கோபம் வந்தது. டீயை ஊற்றிக் கொடுத்தேன். பாதி பாயில் சிந்தியது.

இதை எழுதும்போதே கொத்தனாரின் போன். டீச்சர் எடுத்தார். "செவுரு போயிருச்சா?" என்றார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லைங்க, உள்ள யாருமில்லை. ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்."