அக்காவின் செல்கள்

ஜனவரி 8, வியாழன்
இன்றும் ஒளிரவில்லை. இது பதினான்காவது துண்டு. தேடிப்போய் ஒட்டும் புரதமான ஆன்டிபாடி, முழுசாக இருந்தால் உயிருள்ள செல்லுக்குள் வேலைக்கு ஆகாது. அதனால் அதன் சின்னத் துண்டை மட்டும் எடுத்து, ஒளிரும் புரதத்தோடு கோத்திருக்கிறேன். செல் இரண்டாகப் பிரியத் தயாரானால் பச்சையாக மின்ன வேண்டும். மாட்டேன் என்கிறது. மதியம் கரண்ட் வேறு போனது.

ஜனவரி 19
பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து புற்றுநோய்ச் செல்கள் வந்தன. பெயர் இருக்காது, எண் மட்டும். 2217.
அந்த எண் எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன் சந்தியா அக்கா கையெழுத்துப் போட்ட ஆராய்ச்சிச் சம்மதக் காகிதத்தின் நகல் என் பீரோவில்தான் கிடக்கிறது. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அதே.
லேப் தலைவர் பூமாலை மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் செல்கள் வளரும் தட்டை வாங்கிக்கொள்வார்.

ஜனவரி 23
2217 ஒளிர்ந்தது.
மைக்ராஸ்கோப் அறையின் இருட்டில் ஒவ்வொன்றாகப் பச்சை. மெல்ல நகர்ந்தன. ஒன்று இடுப்பு ஒடுங்கி இரண்டானது. அக்கா போய்ப் பதினோரு மாதம். "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன் — சத்தமாக.

ஜனவரி 24
விடிந்ததும் லேபுக்குப் போய்த் தட்டைத்தான் முதலில் பார்த்தேன்.

ஜனவரி 30
தினமும் அதனிடம் பேசுகிறேன். எனக்குப் பைத்தியமா? மற்ற தட்டுகளில் செல்கள் சாகின்றன. இது மட்டும் தட்டு நிறைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது.

பிப்ரவரி 2
அக்காவின் செல்கள் இங்கே இருக்கின்றன என்று அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன்.
"எரிச்சி, சாம்பல கோமுகி ஆத்துல வுட்டோமேடி. அங்க இன்னா கீது?"
"வெட்டியெடுத்த கட்டிமா."
"உசுரோடயா?"
"ம்."
"நான் பாக்கணும்."

பிப்ரவரி 7
கச்சிராயபாளையத்திலிருந்து அம்மா பஸ்ஸில் வந்தாள். மேடம் லீவு. அம்மா லென்ஸில் வைத்த கண்ணை எடுக்கவேயில்லை. அழுவாள் என்று நினைத்தேன்.
"அக்காதாம்மா" என்றேன்.
"அவளா? கட்டினுதானடி சொன்ன? இதுதான் அவள தின்னுச்சு. அவ பூட்டா. இது இன்னும் வளந்துக்கினு கீது."
இத்தனை நாள் நான் யாரை அக்கா என்று கூப்பிட்டேன்?

பிப்ரவரி 9
மேடத்திடம் எல்லாம் சொன்னேன். திட்டினார். பிறகு, "இந்தத் தட்ட வேற ஆள்கிட்ட குடுத்துடட்டுமா, தனுஷா?" என்றார்.
வேண்டாம் என்றேன். அந்தச் செல்களைக் கொல்லும் மருந்துச் சோதனையை நானே செய்கிறேன்.

மார்ச் 14
மூன்றாவது மருந்து. காலையில் விட்டேன். சாயங்காலத்துக்குள் பச்சை ஒவ்வொன்றாக அணைந்தது. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் மின்னிக்கொண்டே இருக்கிறது, என்னைப் பார்ப்பதுபோல.
அம்மா இப்போதெல்லாம் போனை எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.
"செத்துச்சா?"
"முக்காவாசி."
"மிச்சம்?"
"நாளைக்கும் மருந்து வுடறேன்மா."
"வுடு" என்றாள்.