வள்ளியின் இருமலும் உன் அக்கா சொன்னதும்

என் செல்லாவுக்கு,

சேலத்து டாக்டர் நம் வள்ளியின் முதுகில் குழலை வைத்து, "நல்லா மூச்ச இழுத்துப் புடி" என்றார். நானும் இழுத்துப் பிடித்துவிட்டேன். "நீங்க விடலாங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. வள்ளி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, கைக்குட்டையில் மறுபடியும் ரத்தம்.

ஆமாம் செல்லா, ரத்தம். அதனால்தான் நாகலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி, என் மடியில் குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கப்போட்டாள். கொத்துக் கொத்தாய்ச் சளி வந்தது. பக்கத்தில் இருந்தவர், "ஏனுங்க, புள்ளைக்கு டீபீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கும் அந்தப் பயம்தான். உன் அக்காவின் பயம் வேறு. கிளம்பும்போது, மாலை போட்ட உன் படத்தைக் கும்பிட்டுவிட்டு, வாசலில் நின்று மெல்லச் சொன்னாள்: "ஆத்தாக்காரி புள்ளையத் தேடறாளுங்க."

டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்தார், சளியைச் சோதித்தார். டீபீ இல்லை. பிராங்கியெக்டேசிஸ் என்றார், எட்டாவதோடு நின்ற என் நாக்கு பாதிவழியிலேயே இறங்கிக்கொண்டது. கைக்குழந்தையில் கக்குவான் இருமல் வந்ததே, தோளிலிருந்து இறக்காமல் சுமந்தாயே, அதுவும் அதன்மேல் வந்த நிமோனியாவும் மூச்சுக்குழாயின் சுவரைக் கெடுத்துவிட்டனவாம். தளர்ந்து அகன்றுபோன குழாயில் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி சேர்ந்து குழாயை இன்னும் கெடுக்கிறது. என் டவுசர் எலாஸ்டிக்தான் நினைவுக்கு வந்தது. அதற்காவது நாடா கோத்துக்கொள்ளலாம். இதற்கு?

"பழையபடி ஆகாதுங்க. சளி தேங்காம பாத்துக்கிட்டா மேல கெடாம காப்பாத்தலாம்" என்றார்.

வழி என்ன தெரியுமா? பஸ்ஸில் அவள் படுத்த மாதிரிதான். நாமோ மூச்சு வாங்குமென்று தலைக்குத் தலையணைமேல் தலையணை வைத்தோம். ரத்தம் நிற்கும்வரை மருந்து மட்டும் கொடுக்கச் சொன்னார். நின்றதிலிருந்து, காப்பிச் சாக்கை மடித்து இடுப்புக்குக் கொடுத்து, தலை தாழப் படுக்கவைத்து, கையைக் குவித்து முதுகில் தட்டுகிறேன்.

"நான் என்ன மத்தளமாப்பா?"

"இல்ல கண்ணு, குளுருக்கு உறைஞ்சுபோன தேங்கா எண்ணெ பாட்டலு."

நேற்று தலைகீழாகப் படுத்தபடியே கேட்டாள்: "அம்மா என்னையத் தேடுதாப்பா?"

பெரியம்மா சொன்னது இவள் காதில் விழுந்திருக்கிறது. "கக்குவான் இருமலு பண்ணுன வேலை சாமி, டாக்டரே சொன்னாரில்ல" என்றேன். கை மட்டும் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது.

டாக்டரை நம்புகிறேன் செல்லா. காலையும் மாலையும் தட்டுவேன், ஒரு வேளையும் விடமாட்டேன். ஆனால் அவள் துப்பிய கிண்ணத்தில் சிவப்பு தெரிகிறதா என்று குனிந்து பார்க்கும்போதெல்லாம் உன்னிடம் சொல்ல ஒன்று வாய்வரை வருகிறது. அவள் கேட்டுவிடுவாளே என்று விழுங்கிவிடுகிறேன்.

தேடாதே செல்லா. அவள் என்னோடு இருக்கட்டும்.

வள்ளியின் அப்பா