அத்தாவுக்கு இல்லாத பெருநாள்

அலெக்ஸாண்ட்ரியா
எகிப்து
29 செப்டம்பர் 2023

அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். சுகம் விசாரிக்க மனமில்லை, அதனால் விசாரிக்கவில்லை.

போனில் உங்களை பிளாக் செய்தது செய்ததுதான். இனி நமக்குள் கடிதம் மட்டும். என்னோடு மருத்துவம் படிக்கும் ஜீவனுக்கும் கிள்ளான்தான் ஊர். விடுமுறைக்குப் போகிறவன் கையில் இதைக் கொடுக்கிறேன். பதில் எழுதினால் அவனிடமே கொடுங்கள்.

அத்னானுக்குப் போன மாதம் பண்டமாரானில் கல்யாணம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவன் தங்கை எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். நான் சொன்னதாக நீங்கள் அவனிடம் சொன்னது: "துணி மடிக்கிறவன் மகனோடு தெருவுல நடக்க எனக்கு வெட்கமா இருக்கு." அவன் சொன்னதாக என்னிடம் சொன்னது: "மாமன் மகளைப் பேசி முடிச்சிட்டேன், என்னைத் தேட வேணாம்." இரண்டையும் ஒரே நாளில் சொன்னீர்களா அத்தா? நடுவில் டீ குடித்தீர்களா?

அவன் என்னை வேண்டாம் என்றான் என்று நம்பித்தானே இந்த ஊருக்கு ஏறி வந்தேன். முதல் வருஷம் முழுக்க அழுதேன். நீங்கள் போனில், "படிப்பில் கவனம் வை, எல்லாம் மறந்துவிடும்" என்று ஆறுதல் வேறு சொன்னீர்கள்.

முந்தாநாள் இங்கே மவ்லித். நபிகள் பிறந்த நாளை இவர்கள் சீனியில் கொண்டாடுகிறார்கள். கடை கடையாகச் சீனிப் பொம்மை, முதுகில் மயில் தோகை போலக் கலர்க் காகித விசிறி. நிச்சயமான பெண்ணுக்கு மாப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். எனக்கு வாங்கித் தர ஆள் இல்லாமல் செய்துவிட்டீர்கள், நானே ஒன்று வாங்கினேன். தலையைத்தான் முதலில் கடித்தேன். உங்களை நினைத்துக்கொண்டுதான்.

இனி ஒவ்வொரு பெருநாளும் இங்கேதான். என்ன தின்றேன், யாரோடு சிரித்தேன் என்று ஒன்று விடாமல் உங்களுக்கு எழுதுவேன்.

தமன்னா

---

கிள்ளான்
மலேசியா
20 அக்டோபர் 2023

என் செல்ல மகள் தமன்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா சுகம். நீ சுகமாக இருக்க அஞ்சு நேரமும் துஆ கேட்கிறேன். தீபாவளி வியாபாரம் சூடுபிடித்துவிட்டது, கடையில் நிற்க இடமில்லை. சேலைக் கட்டுக்கு நடுவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நான் செய்தது தகப்பன் செய்கிற காரியம். அத்னான் கெட்டவன் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. ஆனால் அவன் அத்தா காலமெல்லாம் நம் கடையில் துணி மடித்தவர். நேற்று வரை "முதலாளி" என்று நின்றவரை இன்றைக்குச் சம்பந்தி என்று பக்கத்தில் எப்படி உட்கார வைப்பது? தெருவில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? உனக்கு இப்போது புரியாது. பிள்ளை பெற்றால் புரியும்.

சீனிப் பொம்மை கடித்தது போதும், பல் போய்விடும். கோபத்தை இரண்டு மாதம் வைத்திரு, பிறகு விட்டுவிடு. நோன்புப் பெருநாளுக்கு வந்துவிடு. பெருநாள் தொழுகை முடிந்து உன் அம்மா கபருக்கு நாம் இரண்டு பேரும்தானே போவோம். அமீனா பீவி போனதிலிருந்து இந்த வீட்டில் பெருநாள் என்றால் அது நீதான். நீ இல்லாமல் அத்தாவுக்குப் பெருநாள் ஏது?

கோழி ரெண்டாங் ஆக்க இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அன்பு அத்தா
கௌஸ்

---

அலெக்ஸாண்ட்ரியா
5 ஏப்ரல் 2024

அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

"நீ இல்லாமல் அத்தாவுக்குப் பெருநாள் ஏது" என்று எழுதினீர்களே, அதைப் படித்த அன்றே தீர்மானித்துவிட்டேன். வரமாட்டேன். ரெண்டாங்கை நீங்களே உட்கார்ந்து தின்னுங்கள்.

நோன்பின் கடைசி நாட்களில் இங்கே வீட்டுக்கு வீடு மாவும் நெய்யும்தான். கஹ்க் என்று ஒரு பலகாரம். உள்ளே பேரீச்சை அரைத்து வைத்து, மேலே சின்ன இடுக்கியால் பூப்போலக் கிள்ளி, தட்டுத் தட்டாகத் தெருமுனை ரொட்டிக் கடை அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆறியதும் சீனித்தூளில் புரட்டுகிறார்கள். என்னோடு படிக்கும் யாசிர் வீட்டில் என்னையும் கூப்பிட்டார்கள். அவன் அம்மா ஹாஜா சாமியா என் கையில் இடுக்கியைக் கொடுத்து, "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரியே கிள்ளுது" என்றார். காதில் தேன் பாய்ந்தது அத்தா. நீங்கள் அங்கே இருந்திருந்தால் இன்னும் இனித்திருக்கும், உங்கள் முகத்தைப் பார்த்திருப்பேன் அல்லவா.

ஜீவன் பெருநாளுக்கு முன்னே ஊருக்கு வருகிறான். பெட்டி முழுக்க நான் சுட்ட கஹ்க். நம் தெருவில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு டின். பூக்கடைக்கு, நகைக்கடைக்கு, வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு, எதிர்த் துணிக்கடைக்கும் ஒன்று. "கௌஸ் கடை மகள் பெருநாளுக்கு அனுப்பினது" என்று சொல்லிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடைக்கு இல்லை.

தமன்னா

---

கிள்ளான்
14 ஏப்ரல் 2024

தமன்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ நினைத்தது நடந்தது. சந்தோஷம்தானே? பூக்கடைக் கன்னையா டின்னோடு வந்து நின்றான். "பாய், உங்க மகள் கை பக்குவம் நல்லா இருக்கு லா. உங்களுக்கு எத்தனை டின் வந்துச்சு?" என்று கேட்டான். நிறைய வந்தது என்றேன். அவன் நம் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு தன் டின்னிலிருந்து இரண்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். எதிர்க் கடைக்காரன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பெருநாள் அன்று தொழுதுவிட்டுக் கபருக்குத் தனியாகப் போனேன். ரெண்டாங் அப்படியே இருந்தது, பள்ளிவாசல் காவலாளிக்குக் கொடுத்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். நாலு பேர் மதிக்க வாழ்ந்தவனைத் தெருவே பரிதாபமாகப் பார்க்கும்படி செய்துவிட்டாய்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். யாசிர் வீடு, யாசிர் அம்மா என்று எழுதுகிறாய். அத்தா முட்டாள் இல்லை. நாம் பின்பற்றும் ஷாஃபி சட்ட வழியில் தகப்பன் முன்நின்று கொடுக்காமல் பெண்ணுக்கு நிக்காஹ் கூடாது. நான் சரி சொன்னால்தான் உனக்குக் கல்யாணம். பங்சாரில் உணவகம் வைத்திருக்கும் குடும்பத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு வந்து சேர்.

கௌஸ்

---

அலெக்ஸாண்ட்ரியா
7 மே 2024

அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று ஷம்முன் நஸீம். வசந்த காலத் திருநாள். கிறிஸ்தவர்களின் ஈஸ்டருக்கு மறுநாள் வரும், ஆனால் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை, ஊரே பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. நாங்கள் முந்தஸா பூங்காவுக்குப் போனோம். சாயம் தோய்த்த முட்டை, பச்சை வெங்காயம், கீரை. அப்புறம் ஃபஸீக், உப்பில் போட்டுப் புளிக்க வைத்த மீன். நம் வீட்டில் கருவாட்டு வாசமே ஆகாது என்று வேலைக்காரி வாங்கி வந்ததைக்கூட வெளியே எறிந்தீர்களே, அதைவிடப் பத்து மடங்கு நாறும். ஹாஜா சாமியா முள் எடுத்து என் வாயில் ஊட்டினார். முழுங்கினேன். இன்னொரு வாயும் கேட்டு வாங்கினேன்.

அங்கேயே, மீன் கையோடுதான், யாசிரின் அத்தா தேதி குறித்தார். வருகிற வியாழக்கிழமை நிக்காஹ்.

நீங்கள் சொன்ன சட்டம் கிள்ளானில். இங்கே ஹனஃபி வழி. வயது வந்த பெண் தன் வாயால் சம்மதம் சொன்னால் போதும், தகப்பன் வந்து நிற்க வேண்டியதில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் மிரட்டாமல் இருந்திருந்தால் ஒருவேளை உங்களைக் கூப்பிட்டிருப்பேன்.

அன்று எனக்காக நீங்கள் பேசினீர்கள். வியாழக்கிழமை எனக்காக நானே பேசப்போகிறேன்.

தமன்னா

---

கிள்ளான்
18 செப்டம்பர் 2024

என் செல்ல மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான்கு மாதம் நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. நீ உண்டாகியிருக்கும் விஷயத்தை ஜீவன் வந்து சொன்னான். அல்ஹம்துலில்லாஹ். அவன் போன பிறகு கடையைப் பாதி நாளிலேயே சாத்திவிட்டு உன் அம்மா கபருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

பழசை விடு தமன்னா. எல்லாம் நல்லதுக்குத்தான். யோசித்துப் பார், நான் அன்று அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் நீ அங்கே போயிருப்பாயா? டாக்டர் மாப்பிள்ளை கிடைத்திருப்பானா? எப்படிப் பார்த்தாலும் இது அத்தா அமைத்துக் கொடுத்த வாழ்க்கைதான். உன் மாமியாருக்கு என் சலாம் சொல்.

வருகிற மார்ச்சுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நோன்புப் பெருநாளை உங்களோடு கழிப்பேன். பிள்ளை பிறக்கும்போது வர முடியாதே என்றுதான் வருத்தம். பிறந்த பிள்ளை காதில் முதல் சொல்லாகப் பாங்கு சொல்ல எனக்கு ஆசை. உனக்கு நான்தான் சொன்னேன், உள்ளங்கை அளவு இருந்தாய், சொல்லி முடிக்கும் வரை அழாமல் கேட்டாய். பரவாயில்லை, நான் வந்து இன்னொரு தடவை சொல்கிறேன். ஆண் பிள்ளையாக இருந்தால் என் பெயரை வை. அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டேன்.

வீட்டு முகவரியை எழுதி அனுப்பு.

அன்பு அத்தா
கௌஸ்

---

அலெக்ஸாண்ட்ரியா
23 பிப்ரவரி 2025

அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆண் பிள்ளை. இருவரும் சுகம்.

"அத்தா அமைத்துக் கொடுத்த வாழ்க்கை" என்ற வரியைப் படித்த அன்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். யாசிர்தான் பிடுங்கி வைத்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. பாங்கு, பெயர் என்று நீங்கள் கேட்டதை மட்டும் மொழிபெயர்த்துச் சொன்னேன், மற்றதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நேற்று பிள்ளைக்கு ஏழாம் நாள். ஸுபூ என்பார்கள். பிள்ளையைச் சல்லடையில் படுக்க வைத்துத் தரையில் வைத்தார்கள். நான் ஏழு முறை தாண்டினேன். கண் படாமல் இருக்க வீடெங்கும் உப்பு தூவினார்கள். பிறகு பிள்ளை காதுக்குப் பக்கத்தில் பித்தளை உரலை வைத்து டங் டங் என்று இடித்தார்கள். இடிக்கும்போது, யார் பேச்சைக் கேட்க வேண்டும், யார் பேச்சைக் கேட்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்வார்கள். விளையாட்டுக்குத்தான், "அம்மா பேச்சைக் கேள், அத்தா பேச்சைக் கேட்காதே" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

உலக்கையை நான் வாங்கிக்கொண்டேன். "கிள்ளான் பாட்டனார் பேச்சைக் கேட்காதே" என்று தமிழில் சொல்லி இடித்தேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யாருக்கும் புரியவில்லை, எல்லோரும் கை தட்டினார்கள். நீங்கள் பாங்கு சொல்ல ஆசைப்பட்ட அதே காது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெயர் வைக்க மெழுகுவத்தி ஏற்றுவது ஹாஜா சாமியா வீட்டு வழக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், கடைசி வரை எரிவதுதான் பிள்ளைக்கு. யாசிரின் அத்தா பெயரில் மஹ்மூத் என்று ஒன்று, யூசுஃப் என்று ஒன்று, இரண்டு வைத்தார்கள். யாசிர் மூன்றாவது ஒன்று கொண்டுவந்து, "இது கௌஸ். அவரும் பாட்டனார்தானே" என்றான்.

மஹ்மூத் முதலில் அணைந்தது. யூசுஃப் உருகித் தட்டில் பரவித் துடித்துக்கொண்டிருந்தது. கௌஸ் விரல் உயரத்துக்கு நிமிர்ந்து நின்று எரிந்தது. எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் திரும்பிய நேரத்தில் நான் கையை நீட்டி அமுக்கிவிட்டேன். ஜன்னல் காற்று அணைத்துவிட்டது என்று சொன்னேன். மாமியார் நம்பிவிட்டார். பிள்ளைக்கு யூசுஃப் என்று பெயர் வைத்தார்கள். யாசிர் என் விரலில் ஒட்டியிருந்த மெழுகைப் பார்த்தான்.

பிறகு எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன் அத்தா. நீங்களும் அத்னானிடம் சொல்லிவிட்டு, என்னிடம் சொல்லிவிட்டு, இப்படித்தான் வந்து சாப்பிட்டிருப்பீர்கள் என்று தோன்றியது. அப்போதுதான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். என் வாழ்க்கையைக் கெடுத்ததைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேன். என்னை உங்களைப் போல ஆக்கிவிட்டதை மன்னிக்கமாட்டேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். இதைக் கொண்டுவரும் ஜீவனுக்குப் படிப்பு முடிந்துவிட்டது, இனி அவன் இங்கே திரும்பப்போவதில்லை. நாங்களும் வீடு மாறுகிறோம். புது முகவரியை எழுதவில்லை.

தமன்னா
யூசுஃபின் அம்மா