தைத்து மூடிய விடைகள்

புத்தகத்தைப் பிரித்தால் இப்போதும் தையல் மெஷின் எண்ணெய் வாசனைதான் வருகிறது. லத்தீன் பாடப் புத்தகத்துக்கு வேறு யார் வீட்டில் இந்த வாசனை வரும்? டோல்கேட் பக்கம் உன் வீட்டில், மெஷின் பலகைமேல் விரித்துவைத்துத்தானே நாம் இரண்டு பேரும் படித்தோம்.

இருபது வருஷமாகக் கோயில் பாடற்குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, சாவுப் பூசையில் அந்த லத்தீன் பாட்டைப் பாடினோம். தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவதுதான். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. "இன்னான்னு தெரியாமயே எத்தினி பேர அனுப்பி வச்சிக்கீறோம்டி. எனக்குப் பாடறதுக்குள்ள தெரிஞ்சிக்கணும்" என்றாய். பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கி வந்ததும் நீதான்.

பயிற்சி வாக்கியங்களுக்கு விடைகள் கடைசிப் பக்கங்களில் இருந்தன. முன்னாலேயே பார்த்துவிடக் கூடாதென்று அந்தப் பக்கங்களை நூல் போட்டுத் தைத்துவிட்டாய். சனிக்கிழமை தையலைப் பிரித்து இரண்டு நோட்டையும் திருத்துவோம்; பிறகு மறுபடி தைப்பாய். மாலுமி ராணிக்கு ரோஜா கொடுக்கிறான் என்று ஒரு வாக்கியம். "நம்ம ஹார்பர்ல எவன்டி ரோஜா குடுத்தான்?" என்று சிரித்தாய்.

அடுத்த பயிற்சி வாக்கியங்களை நீ நோட்டில் எழுதிக்கொள்வாய்; வாரம் முழுவதும் புத்தகம் என்னிடம்தான் இருந்தது. நான் அந்தத் தையலைப் பிரித்தேன். பார்த்து எழுதிவிட்டு, அதே ஓட்டைகளில் அதே நிற நூலைக் கோத்து மூடினேன். உன்னிடம் தோற்க எனக்கு மனசு வரவில்லை. ஆபீசில் வேலை பார்க்கிறவள் என்ற திமிர். உன் நோட்டில் பத்துப் பதினைந்து தப்பு, என் நோட்டில் ஒன்றோ இரண்டோ. நாலு மாதம் பொறுத்துப் பார்த்தாய். "எனக்கு மண்டைல ஏறலடி. நீ படி. பாட்டு அர்த்தத்த மட்டும் எனக்குச் சொல்லு, போதும்" என்று நோட்டை மூடிவிட்டாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பாவி, திறக்கவில்லை. எனக்கும் ஒரு மண்ணும் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். "தனியா போறதுதான் பயமா கீது. அந்தப் பாட்டு இன்னாதான்டி சொல்லுது?"

"நிம்மதியா தூங்குன்னு சொல்லுது" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவ்ளோதானா?" என்றாய்.

நாலாம் நாள் கோயிலில், உன் பூசையில், உனக்காக அதைப் பாடினேன்.

அதற்குப் பிறகு முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன், விடைகளைப் பார்க்காமல். உன்னைவிட அதிகமாகத் தப்பு வந்தது. ஒரு வருஷம் பிடித்தது, அந்தப் பாட்டைத் தமிழில் எழுதி முடிக்க. தூக்கம் என்ற சொல்லே அதில் இல்லை. நீ தனியாகப் போகவில்லை, முன்னால் போனவர்கள் வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்கிறது.

இப்போது பாடற்குழுவில் யாருக்காவது முடியவில்லை என்றால் நேரில் போய் அதைச் சொல்லிவிட்டு வருகிறேன். போன வாரம் ஒரு பெரியம்மா, "எங்க வூட்டுக்காரரும் வருவாராம்மா?" என்று கேட்டார். வருவார் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். உன் முகமும் அப்படித் தெளிந்திருக்கும். என்னிடம் நீ கேட்டது அது ஒன்றைத்தான்.