வெள்ளையடித்த பானை

அக்கா,

இன்று காலை, பானை செய்யும் ஊரான த்வாண்டேயிலிருந்து புதுப் பானை வாங்கி வந்தேன். முதல் தண்ணீரை ஊற்றியதும் எழுந்த மண் வாசனை, என்னை உங்கள் டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நம் ஸ்டேஷனின் வரலாறு சுருக்கமானது. வெள்ளைக்காரன் கட்டினான். சண்டையில் குண்டு விழுந்து பாதி போயிற்று. மிச்சமிருந்த பாதியையே முழு ஸ்டேஷன் என்று வைத்துக்கொண்டார்கள். உங்கள் தாத்தா அங்கே கொடி காட்டினார். பேத்தி நீங்கள் டிக்கெட் கொடுத்தீர்கள். வசதிகளுக்கும் குறைவில்லை. காத்திருக்கும் அறை இருந்தது. அதில் ஸ்டேஷன் மாஸ்டரின் வெங்காய மூட்டைகள் காத்திருந்தன. கடிகாரமும் இருந்தது. அதைப் பயணிகளும் நம்பவில்லை, ரயில்களும் நம்பவில்லை.

ஒழுங்காக வேலை செய்த ஒரே வசதி, உங்கள் ஜன்னலை ஒட்டி மரச்சட்டத்தில் இருந்த தண்ணீர்ப் பானைதான். புண்ணியத்துக்குத் தண்ணீர் வைப்பது பர்மிய வழக்கம் என்பதால் யாரும் காரணம் கேட்டதில்லை. நகரத்தின் நடுவே கியாக்டடாவில் இருக்கும் ஆபீசுக்குத் தினமும் அங்கே ரயிலேறிய நான் மட்டும் ஒருநாள் கேட்டேன்.

"எண்பத்தெட்டுல, மாணவங்க கிளர்ச்சி நடந்தப்ப, என் பையன் இங்கதான் ஏறினான். காலேஜுக்குன்னு போனவன். இது வட்ட ரயிலுதானே தம்பி? போனது சுத்திக்கிட்டு இங்கதானே வரணும்? வர்றப்ப தாகமா வருவான்."

அடுத்த வண்டி எப்போது என்று சொல்லும் அதே குரலில் சொன்னீர்கள். மாற்றல் உத்தரவு வந்தபோதெல்லாம் நீங்கள் ஏன் மறுத்தீர்கள் என்பதும், யார் குவளையை எடுத்தாலும் குனிந்து முகத்தைப் பார்ப்பது ஏன் என்பதும் அன்றுதான் புரிந்தது.

பிறகு ஒரு வருடம், பெரிய லூஜீ, அதாவது மேலிடத்துப் பெரிய மனிதர் ஒருவர் ரயிலில் வருகிறார் என்று தகவல் வந்தது. லூஜீக்கள் வந்தால் இங்கே அசையாத பொருள் எல்லாவற்றுக்கும் வெள்ளையடிப்பார்கள். சுவர், மரம், மரத்தடிக் கல் எதுவும் தப்பாது. பானை அழகாக இல்லை, எடுத்துவிடுங்கள் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"தூக்குங்க சயா. அப்படியே என் ஜன்னலையும் பேத்து எடுத்துட்டுப் போங்க" என்று, 'சயா' என்ற மரியாதை குறையாமல் சொன்னீர்கள்.

அவர் சமாதானப் பிரியர். பானையை இருந்த இடத்திலேயே விட்டு, அதற்கும் வெள்ளையடிக்கச் சொன்னார்.

லூஜீயின் ரயில் நிற்காமல் போயிற்று. திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. வரிசையில் நின்று கைதட்டியவர்கள், என்ஜின் டிரைவருக்குத்தான் தட்டியதாகப் பிறகு சொல்லிக்கொண்டார்கள். பானைக்குத்தான் கேடு வந்தது. பூசிய சுண்ணாம்பில் மண்ணின் கண்ணெல்லாம் அடைத்துப்போய், உள்ளே தண்ணீர் குளிரவே இல்லை. நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"வெந்நீரா இருக்கு தம்பி. இன்னைக்குன்னு பாத்து அவன் வந்துட்டா?"

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஆற்றைக் கடந்து த்வாண்டேக்குப் போனேன். திரும்பும் வழியில் மடியில் பானையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, பஸ் நடத்துனர் குழந்தைக்குப் பேர் வைத்தாயிற்றா என்று விசாரித்தார். உங்கள் வரவேற்பும் அதற்குக் குறைந்ததில்லை.

"என்ன சார், கிளார்க்கு வேலை போச்சா? பானை விக்கக் கிளம்பிட்டீங்க?"

சொல்லிக்கொண்டே பானையைத் தடவிப் பார்த்தீர்கள். உடனே தண்ணீர் நிரப்பினீர்கள்.

போன மழைக்காலத்தில் நீங்கள் இறந்துபோனீர்கள். அதுவரை அவன் வரவில்லை. உங்கள் ஜன்னலில் இப்போது ஒரு தமிழ்ப் பையன் இருக்கிறான். தமிழில் கேட்டால் பர்மியில் பதில் சொல்வான். பழைய பானை விரிசல் விட்டதும், இனி வேண்டாமே என்று அவன் சொல்லிப் பார்த்தான். வேண்டும் என்றேன். காரணம் கேட்டான்.

"தாகமா வர்றவங்களுக்குப்பா" என்றேன். புண்ணியம் என்று எடுத்துக்கொண்டான்.

ஆபீசுக்குப் போகும் வழியில் இப்போது நான்தான் தண்ணீர் நிரப்புகிறேன். உங்கள் பையனை அந்தக் காலத்தில் இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன், முகம் நினைவில்லை. இருந்தால் நாற்பதைத் தாண்டியிருப்பான், நரைத்தும் இருக்கலாம். ஆனாலும் யாராவது குவளையை எடுத்தால், அவர்கள் குடித்து முடிக்கும்வரை நின்று முகத்தைப் பார்க்கிறேன். அதற்குள் சில நாள் என் ரயில் போய்விடுகிறது.

போகட்டும் அக்கா. சுற்றிக்கொண்டு இங்கேதானே வரவேண்டும்.