பூவை டப்பாவில் கொண்டுபோனவளுக்கு

மதினி,

இன்று சாயங்காலம் மாட்டுங்கா பூக்கடையில் இரண்டு முழம் மல்லிகை கேட்டேன். பூக்காரம்மா முழம் போட்டு வெட்டி இலையில் வைத்தாள். கட்டாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டப்பா எங்க? கொண்டாரலியா?" என்றாள். எத்தனை சனிக்கிழமை உன்னோடு நானும் அங்கே வந்து நின்றிருப்பேன்! என் முகத்தோடு உன் எவர்சில்வர் டப்பாவையும் சேர்த்தே அவள் ஞாபகத்தில் வைத்திருக்கிறாள். "டப்பா செம்பூருக்கு வாழப் போயிருக்குக்கா" என்றேன். அவள் சிரித்தாள். நாளையோடு நீ போய் இரண்டு வருஷம். உன் கல்லறைக்குத்தான் அந்தப் பூ.

நாம் இருவரும் தாராவிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு மதினி ஆனாய். இனிமேல் உன்னை 'நீங்க' என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டாள். ஒரு நாள் கூப்பிட்டும் பார்த்தேன். நீ பின்னால் திரும்பி, "ஏட்டி, யாரைக் கூப்பிடுத?" என்றாய். அதோடு அந்த மரியாதை ஒழிந்தது. அதனால் இப்போதும் நீ என்றே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நம் பெண்கள் பைக்கில் போகும் அழகு உனக்குத் தெரியாததா? பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, ஒரு கையில் பைபிள், இன்னொரு கையில் பிள்ளை. ஒரு பக்கமாக உட்கார்ந்து, பிடிக்கக் கை இல்லாமல், சும்மா ஒரு நம்பிக்கையில் தொற்றிக்கொண்டு போவார்கள். ஓட்டுகிறவன் தலையில் ஹெல்மெட் இருந்தால் அது போலீஸ்காரனுக்காக. பின்னால் இருப்பவள் போடவே மாட்டாள். கேட்டால் பூ கசங்கிவிடுமாம். பூ கசங்கக் கூடாது, தலை கசங்கலாம்! இது எந்த ஊர் நியாயம் என்று நம் தெருவில் முதன்முதலாகக் கேட்டவள் நீதான்.

கேட்டதோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சயான் பக்கத்தில் நம் கோயில் வாசலில் நீ வந்து இறங்கிய கோலத்தைச் சாகும்வரை மறக்க மாட்டேன். மாம்பழக் கலர் பட்டு, அதற்கடியில் அண்ணனுடைய பழைய டிராக் பேண்ட். முந்தானையை இடுப்பில் சுற்றிப் பின் குத்தி, ஆம்பிளை மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தாய். தலையில் உருண்டையாக ஒரு கறுப்பு ஹெல்மெட். இறங்கி, அதைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தாய். கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தாய். வண்டிக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு, வாடாத கசங்காத மல்லிகையை நிதானமாகச் சூடிக்கொண்டாய். வாசலில் நின்ற பெண்கள் எல்லாம் பாட்டுப் புஸ்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஏட்டி, யாரு செத்தா, இப்படிப் பயந்து வாரே?" என்று ஒரு சித்தி கேட்டாள். "யாராவது செத்த பொறவு போட்டா என்ன பிரயோசனம் சித்தி? அதுக்கு முந்தியே போடணும்லா" என்றாய் நீ. நான் கூச்சத்தில் நெளிந்தேன். என் காதோடு குனிந்து, "சிரிக்கட்டும் ஏட்டி. நாம முழுத் தலையோட வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டு முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாய். அடுத்த வாரமே நான் ஒரு ஹெல்மெட் வாங்கினேன்.

வண்டியை ஓட்டியது அண்ணன்தான். ஆனால் ரோட்டைப் பார்த்தது நீ. அவன் வலது தோளில் உன் உள்ளங்கை ஒரு தட்டு தட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தத் தோளுக்கு ஓய்வே கிடையாது. பேவர் பிளாக் வழவழவென்று இருந்தால் தட்டு. மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகட்டின் மேல் தண்ணீர் நின்றால் தட்டு. தண்ணி லாரி எதிரே தெரிந்தால் தட்டு. பஸ்ஸுக்கு இடப்பக்கம் ஒரு சந்து கிடைத்தால் போதும், பம்பாயில் அத்தனை பைக்கும் அதில் நுழையும். அண்ணன் நுழைய நீ விட்டதே இல்லை. "எறங்குற ஆளு நம்ம மேலதான் எறங்குவாரு, பொறுங்க" என்பாய். பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கி, இந்தியில் உன் பாட்டன் வரைக்கும் திட்டுவான். நீ திரும்பிப் பார்த்து, "ஜாவ் பையா, ஜாவ்" என்று ராணி மாதிரி கையை அசைத்து வழி விடுவாய்.

போன் விஷயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு பேசிக்கொண்டே ஓட்டினான். நீ தட்டினாய். அவன் கேட்கவில்லை. தாராவி டி ஜங்ஷன் சிக்னலில் வண்டி நின்றதும் நீ சத்தமில்லாமல் இறங்கிவிட்டாய். பச்சை விழுந்தது, அவன் போய்விட்டான். போனை வைத்த பிறகும், காலிச் சீட்டிடம் குடும்ப விவகாரம் பேசிக்கொண்டே மாட்டுங்கா வரைக்கும் போயிருக்கிறான். அங்கே திரும்பிப் பார்த்தால் பெண்டாட்டியைக் காணோம்! முகம் வெளுத்துப்போய்த் திரும்பி வந்தவனிடம், ஓரத்தில் நின்று வடாபாவ் தின்றுகொண்டே நீ கேட்டாயாம்: "பேசி முடிச்சாச்சா? இப்ப ஓட்டுதியளா?" இதை எனக்குச் சொல்லும்போது அண்ணனே விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் ஓடுகிற வண்டியில் அவன் போனைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை வந்து உன்னைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணெல்லாம் மஞ்சளாக நீ கிடந்ததை நான் எழுதப் போவதில்லை. எழுத வேண்டியது வேறு. உன்னைப் பெட்டியில் வைத்திருந்தபோது, என் பின்னால் யாரோ சொன்னார்கள்: "தலைக்கு அவ்ளோ பாதுகாப்பு செஞ்சாளே, பாத்தியா? கர்த்தர் கூப்புட்டா ஹெல்மெட் தடுக்குமா?" அன்றைக்கு அழுகையில் எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அந்த வார்த்தை முள் மாதிரி உள்ளேயே கிடந்தது. நீ பார்த்துப் பார்த்துச் செய்ததை எல்லாம் ஒரே வாக்கியத்தில் கேலியாக்கிவிட்டார்கள் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன மாதம் உன் மகள் ஜெனிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு செம்பூர். பையன் தங்கமானவன், ஆனால் வாய் திறக்க மாட்டான். அவர்கள் எதுவும் கேட்கவில்லை, 'உங்க இஷ்டம்' என்று மட்டும்தான் சொன்னார்கள். அந்த இஷ்டத்துக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அண்ணன் புது பைக் வாங்கிக் கொடுத்தான். நான் அத்தை இல்லையா, என் சீரைக் கொண்டுபோனேன். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், நடுவில் ஒரு புது ஹெல்மெட், அதன் பக்கத்தில் உன் டப்பா. தொண்ணூறடி ரோட்டில் அந்தத் தட்டை ஏந்திக்கொண்டு தலைநிமிர்ந்து நடந்தேன். சிரித்தார்கள். நன்றாகச் சிரிக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.

கல்யாணம் முடிந்த முதல் ஞாயிறு, புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் அவர்கள் கோயிலுக்குப் போக வேண்டும். காலைப் பலகாரத்துக்கு நானும் அண்ணனும் செம்பூர் போயிருந்தோம். கீழே பைக் மாலையோடு நின்றது. அரக்குப் பட்டில் ஜெனி ஹெல்மெட்டைக் கையில் எடுத்ததுதான் தாமதம், மாப்பிள்ளையின் பெரியம்மா பிடித்துக்கொண்டாள். "புதுப்பொண்ணு தலையில சட்டியைக் கவுத்துக்கிட்டா போவா? நாலு பேரு பாக்க வேண்டாமா? இந்தா இருக்கு கோயிலு. பூவை வச்சிக்கிட்டு ஒரு பக்கமா அழகா உக்காரு" என்றாள்.

நான் விடவில்லை. "பைக்கை உங்க பிள்ளைக்குக் குடுத்தோம். எங்க பிள்ளை தலையை யாருக்கும் குடுக்கல. அது அவகிட்டயே இருக்கட்டும்" என்றேன். அண்ணன் என் சேலையைப் பிடித்து இழுத்தான். முதல் வாரமே சம்பந்தி வீட்டில் சண்டை போட்டால் நாளைக்கு இந்த வீட்டில் வாழப் போகிறவள் ஜெனிதானே என்ற பயம் அவனுக்கு. எனக்கும் அந்தப் பயம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவளால் அதைப் போட முடியாது.

பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜெனியைப் பார்த்தே சொன்னாள்: "உங்க அம்மா போடாத ஹெல்மெட்டா? போட்டு என்னத்தக் கண்டா? மக கல்யாணத்தைப் பாக்க இருந்தாளா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தேன். ஜெனி என் கையைப் பிடித்தாள். "சோடோ அத்தை, விடுங்க" என்றாள். பிறகு குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்: "பெரியம்மா, எங்க அம்மா மஞ்சக்காமாலைல போனாங்க. அதுக்கு ஹெல்மெட் கிடையாது. இதுக்கு இருக்கு."

அவ்வளவுதான். தலையிலிருந்த பூவை எடுத்து டப்பாவில் வைத்து மூடினாள். ஹெல்மெட்டை மாட்டி, வாரைக் கொக்கியில் பூட்டினாள். கீழே இறங்கிப் போய், பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே ஜீன்ஸ், மதினி! உன் மகள் முதலிலேயே தயாராகத்தான் இருந்திருக்கிறாள்.

மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினான். அவனுடைய ஹெல்மெட் முழங்கையில் வளையல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டைத் தாண்டவில்லை, அவன் வலது தோளில் ஜெனியின் உள்ளங்கை விழுந்தது. ஒரே ஒரு தட்டு. அவன் திரும்பிப் பார்த்தான், வண்டியை நிறுத்தினான், ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். அந்தத் தட்டை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாடி ஜன்னலில் என் பக்கத்தில் நின்ற அண்ணன் தன் தோளைத் தானே பிடித்துக்கொண்டு அழுதான்.

பின்னாலேயே நாங்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தோம். கோயில் வாசலில் அவள் பூ வைத்துக்கொண்டபோது அங்கேயும் சிரித்தார்கள். பெரியம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். இன்னும் அவள் ஜெனியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். பேசாமல் இருக்கட்டும். ஜெனி ஒவ்வொரு ஞாயிறும் டப்பாவோடுதான் போகிறாள்.

இன்று பூக்காரம்மாவிடம் பூவை வாங்கிக்கொண்டு, பக்கத்துப் பாத்திரக் கடையில் உன்னுடையது மாதிரியே ஒரு டப்பா வாங்கினேன். வெளியே அண்ணன் பைக்கோடு நின்றான். நான் என் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறினேன். சயான் சர்க்கிள் பக்கம் ஒரு பஸ் நின்றது. அதன் இடப்பக்கம் நல்ல அகலமான சந்து. என் கை தானாக அவன் தோளுக்குப் போனது. தட்டுவதற்கு முன்னாலேயே அவன் வேகத்தைக் குறைத்துவிட்டான். பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். நான் திரும்பி, "ஜாவ் பையா, ஜாவ்" என்றேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். பூ ஒன்றுகூடக் கசங்கவில்லை. காலையில் கொண்டுவருகிறேன், மதினி. முழுத் தலையோடு வருகிறேன்.