படித்துறை இல்லாத பக்கம்

ஆடி 10, ஞாயிறு

காலை முதல் காற்று. முற்றமெல்லாம் மண். அரிசியில் கல் பொறுக்கினேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து நாவல் வாசித்தார். கை முறத்தில், காது கதையில். அம்புஜம் விடியுமுன் தனியாகப் படித்துறைக்குப் போகிறாள். "தண்ணீர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது." எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லை விட்டு அரிசியை எறிந்திருக்கிறேன். அம்மாவிடம் திட்டு.

ஆடி 12, செவ்வாய்

அண்ணி வீட்டுக்குத் தூரம். கொல்லை அறையில். மூன்று நாள் புத்தகத்தைத் தொடக்கூடாது. அம்மா உரக்கவே சொன்னாள்: "இந்த மாசமும் உக்காந்தாச்சு. ஆவணியில அவனுக்கு லால்குடிப் பொண்ணை முடிச்சிட வேண்டியதுதான்." அண்ணன் ரசம் மட்டும் கேட்டார்.

கதை பொறுக்கவில்லை. மாடத்திலிருந்து நானே எடுத்தேன். பள்ளியை நிறுத்தியதிலிருந்து பழக்கம் விட்டுப்போயிற்று. உதடு அசையாமல் படிக்க வரவில்லை. கேட்கும்போது அம்புஜத்துக்கு அண்ணியின் முகம், அண்ணியின் மூச்சு. அச்சில் முகமே இல்லை. அழுகைக்கும் அடுப்புக்கும் ஒரே எழுத்து. ஆனால் திருப்பிப் பார்க்கலாம். பார்த்தேன். பல தடவை.

அச்சில் படித்துறையே இல்லை. அம்புஜம் வண்டியேறித் தாய்வீடு போகிறாள். அவ்வளவுதான்.

அண்ணி எதைப் பார்த்து வாசித்தார்?

ஆடி 13, புதன்

கொல்லை அறை வாசலில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன். "அண்ணி, தாய்வீட்டுக்குக் கொஞ்ச நாள் போயிட்டு வாங்களேன்."

"அங்க யாருடி இருக்கா? எங்கண்ணன் பொண்டாட்டி ஆரத்தி எடுப்பாளா?" சிரித்தார். பிறகு, "பதினெட்டாம் பெருக்கன்னைக்குக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஆத்துக்குப் போயிடணும்."

என் பயத்தை அம்மாவிடம் சொன்னால் புத்தகம் அடுப்பில். அண்ணன் முகம் பார்த்து நான் பேசியதேயில்லை.

ஆடி 16, சனி

அண்ணி குளித்து உள்ளே வந்தாயிற்று. காவிரியில், அம்மா மண்டபப் படித்துறையில் மேல்படி வரை வெள்ளம் என்றார் பால்காரர்.

முறத்தை அண்ணியிடம் நகர்த்தினேன். "இன்னைக்கு நான் வாசிக்கிறேன்."

"நீயா? அடுக்களையிலேயே உன் குரல் கேக்காதே!"

இரண்டு பக்கம் உள்ளபடி. பிறகு எழுத்தைப் பார்க்காமல்: அம்புஜம் கடைசிப் படியில் நின்றாள். பின்னாலேயே வந்த நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். விடவில்லை.

அண்ணியின் விரல் அரிசியில் நின்றது. "அப்படியா போட்டிருக்கு?"

"போட்டிருக்கு அண்ணி."

புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தையே பார்த்தார். மூடி மாடத்தில் வைத்தார்.

ஆடி 17, ஞாயிறு

தூறல். நாளைப் பெருக்குக்குக் காதோலை, கருகமணி, மஞ்சள் நூல் வாங்கியாயிற்று. தேங்காய் துருவினேன். அண்ணி அறையைப் பெருக்கி, தன் புடவைகளை மடித்து, நீலப் பட்டுப்புடவையை என்னிடம் தந்தார். "உனக்கு எடுப்பா இருக்கும்." வாங்க மறுத்தேன்.

ஆடி 18, திங்கள்

விடியவில்லை. கொல்லைத் தாழ்ப்பாள் சத்தம். ஓடினேன். அண்ணி, இடுப்பில் குடம்.

குடத்தை இறக்காமலே கேட்டார்: "அப்புறம் அந்த நாத்தனார் என்ன பண்ணா?"

"சொல்லிக்கிட்டே வரேன், வாங்க." கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. போகும்போது சொன்னேன், படியில் நின்று சொன்னேன், குடத்தோடு திரும்பும்போதும் சொன்னேன்.

வாசலில் அம்மா, முதல் வண்டிக்கே வந்துவிட்ட லால்குடிக்காரர்களுக்குக் காப்பி கலக்கச் சொன்னாள். அண்ணி கேட்டார்: "நாளைக்கும் கதை இருக்கா?"

இருக்கிறது என்றேன். ஒரு வரிகூட இல்லை.